மறு: ஆக்சில் ஆர்ட்டிகுலேஷன் – 'உச்சரிப்பு' வேண்டாம், சரி, வேறென்ன?

குழுவினருக்கு வணக்கம். மேடுபள்ளத்தில் வண்டியின் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் தண்டு, எவ்வளவு சாய முடிகிறது என்பதைக் குறிக்கும் ஆக்சில் ஆர்ட்டிகுலேஷனுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். போன மடலில் வந்த கேள்வி இது:

> அகராதியில் ஆர்ட்டிகுலேஷன் என்று தேடினால் உச்சரிப்பு, மூட்டு இரண்டும்தான் வருகின்றன. கணினி மொழிபெயர்ப்பு 'அச்சு உச்சரிப்பு' என்கிறது! 'அச்சு நெகிழ்வு' என்று வைத்துக்கொள்ளலாமா?

சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நெகிழ்வு வேண்டாம் என்பது என் கட்சி. மாருதி ஜிப்ஸி, பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் முன்னாலும் சரி பின்னாலும் சரி, இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழல்தான் (அதுதான் ஆக்சில்) சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறுபக்கச் சக்கரம் பள்ளத்தில் அமுங்கும். அப்படி அமுங்கினால்தான் அது தரையைப் பிடிக்கும், இல்லாவிட்டால் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியின் உடல் ஓரளவு நேராக நிற்க, அடியில் அந்தக் குழல் எவ்வளவு சாய முடிகிறது என்பதுதான் விஷயம். குழல் சாய்கிறது, நெகிழவில்லை. நெகிழ்ந்தால் அதற்குப் பெயர் பழுது, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நெகிழ்வது வண்டியைத் தாங்கும் வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மட்டும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் ஜிப்ஸியில் பட்டையை மேலே மாற்றியபோது பார்த்தது. நிறுவனத்திலிருந்து வரும்போது பட்டைக் கட்டு குழலுக்கு அடியில் இருக்கும். பட்டை உட்காரும் மேடைகளை வெட்டியெடுத்துக் குழலின் மேல்பக்கம் பற்றவைத்து, யூ போல்ட்டைத் திருப்பி மாட்டினால், குழலின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து வண்டி ஏறத்தாழ 5 அங்குலம் உயர்ந்துவிடும். (ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதற்கு என்ன சொல்வார்கள் என்பது வேறு இழை, இங்கே ஆரம்பிக்காதீர்கள்.) அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பட்டறை மேஸ்திரி விடவில்லை. முன் இடச் சக்கரத்தைப் பழைய லாரி டயர் அடுக்கின்மேல் ஏற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு அடியில் படுத்து டார்ச் அடித்தார். வலப்பக்கச் சக்கரம் இன்னும் ஒரு சாண் இறங்கலாம், ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் (பிரேக் ஹோஸ்). விரலால் சுண்டினார், வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அப்படியே காட்டுப் பாதைக்குப் போயிருந்தால் முதல் பள்ளத்திலேயே பிரேக் போயிருக்கும்.

ஆக, உயரம் வேறு, சாய்வு வேறு. 5 அங்குலம் தூக்கிய வண்டி தூக்காத வண்டியைவிடக் குறைவாகச் சாயவும் கூடும். நாம் வைக்கும் சொல் இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

அடுத்து ஆக்சிலுக்கே என்ன சொல் என்பது. அச்சு என்று போன மடலில் இரண்டு பேர் எழுதினீர்கள். வள்ளுவரே 'அச்சிறும்' என்று சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அச்சு என்றால் அச்சகம், செங்கல் அச்சு, வரைபடத்தில் வரும் அச்சு, எல்லாம் வந்து நிற்கும். மாட்டு வண்டிக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: இருசு. குடம், ஆரக்கால், கடையாணி, இருசு என்று வண்டியின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டு வண்டியின் இருசு இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகச் சேர்ப்பது, இங்கேயும் அதே கதை. இப்படி ஒரே தண்டாக வரும் சாலிட் ஆக்சில் என்பதற்கு 'திண்ம அச்சு' என்று புதிதாக ஒன்று கட்டுவானேன்?

முதலில் 'இருசாட்டம்' என்றுதான் எனக்குத் தோன்றியது. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே "எந்தப் பக்கம் ஆட்டம்? பேரிங்கா, கிங்பின்னா?" என்று எழுந்துவிட்டார். பட்டறையில் ஆட்டம் என்றால் தேய்மானம். அத்துடன் அதைக் கைவிட்டேன்.

என் முன்மொழிவு: இருசுச் சாய்வு.

இதை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலும் 20 பாகை சரிவுள்ள மேடையில் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று தரையை விடும் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். சரிவில் ஏறிய தூரத்தை முன்பின் சக்கர இடைவெளியால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் வருவது எண். ஜிப்ஸியின் இடைவெளி 2375 மி.மீ. 1140 மி.மீ. ஏறினால் 480. ஆங்கிலத்தில் இதற்கு ரேம்ப் டிராவல் இன்டெக்ஸ் என்று பெயர், சுருக்கம் ஆர்.டி.ஐ., நம்மூரில் அதைச் சொன்னால் தகவல் கேட்டு மனு போடுவதாக நினைப்பார்கள். 'சாய்வெண்' போதும் என்கிறேன்.

---

> இருசுச் சாய்வு பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் இருசே இல்லாத வண்டிக்கு? டொயோட்டா பிக்கப்பில் 1985 வரை முன்னால் ஒரே குழல், 1986-இல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி மாற்றிவிட்டார்கள். அதிலும் ஆர்ட்டிகுலேஷன் உண்டே?

நல்ல கேள்வி தம்பி, இதற்கு நான் தயாராக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் அந்த 1986-க்குப் பிந்தைய டொயோட்டாக்களின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய குழலைத் தேடிப் பிடித்துப் பற்றவைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். ஏன் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். தனித்தனி அமைப்பில் ஒரு சக்கரம் ஏறுவது மறுசக்கரத்தைக் கீழே தள்ளுவதில்லை, ஒவ்வொன்றும் தன்னைத் தாங்கும் இரும்புக் கையின் நீளம் விட்ட அளவுக்கு ஏறி இறங்கும், அவ்வளவுதான். குழலில் ஒரு பக்கம் ஏறுவதே மறுபக்கத்தை அழுத்துகிறது. தராசு மாதிரி. (தராசு என்றதும் 'துலாவல்' என்று ஒரு சொல் மனதில் வந்தது, எல்லாரும் துழாவல் என்று படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.)

அதனால் இரண்டு சொல் வைக்கலாம். தனித்தனிச் சக்கரத்துக்கு 'சக்கர ஏற்றிறக்கம்', குழலுக்கு 'இருசுச் சாய்வு'. முன்னால் தனித்தனியும் பின்னால் குழலும் உள்ள மகிந்திரா தார் மாதிரி வண்டிக்கு இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டிவரும், சாய்வெண் மட்டும் எல்லா வண்டிக்கும் பொது.

போர்ட்டல் ஆக்சிலுக்கு 'வாயில் அச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜெர்மானிய லாரியான யூனிமாக்கில் இருசு சக்கரத்தின் நடுவுக்கு வராமல் மேலேயே நின்றுவிடும், சக்கரத்தருகே உள்ள பல்சக்கரங்கள்தான் விசையைக் கீழே இறக்கித் தரும். முன்னால் நின்று பார்த்தால் வாசல்கால் மாதிரிதான் இருக்கும், அதனால் சொல் தப்பில்லை. ஆனாலும் 'மேலிருசு' என்றால் பட்டறையில் சட்டென்று புரியுமோ என்று பார்க்கிறேன். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், இந்த வாரம் அவர் ஊரில் இல்லை.