64 ஒப்பந்தத்தில் பிரிந்த சொந்தம்: கோத்தகிரியில் இரண்டு நாள் கூட வைக்கிறோம், வழி சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை கேட்டது:

வணக்கம். இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, தாத்தா 1972-இல் தலைமன்னார் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, டான்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம்) வேலைக்குச் சேர்ந்தவர். தம்பிகள் இருவரும் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். நடுத்தம்பியின் பேரப்பிள்ளைகள் இப்போது போனில் கிடைத்துவிட்டார்கள், கடைசித் தம்பி வழி இன்னும் கிடைக்கவில்லை. மே மாதம் ஒரு சனி, ஞாயிறு கோத்தகிரியில் எல்லாரும் கூடலாம் என்று பேச்சு. அங்கிருந்து 12 பேர், இங்கே 30 பேர். கேள்வி மூன்று: கடைசித் தம்பி வழியை எப்படிப் பிடிப்பது? முதல் முறை பார்க்கிறவர்களுக்கு உறவுமுறை எப்படிப் புரியவைப்பது? ஏற்பாட்டில் எதெது சறுக்கும்?

பெரட்டுக்களம்:

ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். ஒரே தோட்டத்தில் பத்து ராமசாமி இருப்பார்கள். போதாததற்கு செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேடு) ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டும் தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் வீட்டில் எங்காவது டிரங்குப் பெட்டியில் இருக்கும். மடிப்பில் கிழிந்திருந்தால் ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். அப்படியே கண்ணாடி ஸ்கேனரில் வைத்து இரண்டு பக்கமும் 600 டிபிஐ-யில் எடுங்கள். பெயர்கள் ஆங்கிலத்தில் கேட்டபடி எழுதப்பட்டவை. அதனால் ஒவ்வொரு பெயரையும் நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் வேறொன்று. வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது. இரண்டையும், கூடவே தோட்டத்தில் எந்த டிவிசன் (பிரிவு) என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிடைத்த பேரப்பிள்ளைகளிடம் அவர்களுடைய அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். பாட்டனார், அதாவது உங்கள் தாத்தாவின் அப்பா, இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத அதில் தனிக் கட்டம் உண்டு. அந்த இடத்தின் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது, மூன்று அண்ணன் தம்பிகளும் பிறந்த தோட்டம் அநேகமாக அதுவே.

பிறகு அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி, தொழிற்சங்கத் தோட்டத் தலைவர், தோட்டத்தின் பெயரிலேயே இருக்கும் ஃபேஸ்புக் குழு. இந்த மூன்றுக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். இப்படிச் சுருக்கமாக: "கீழ்ப் பிரிவு, ஆறாம் லயத்தில் இருந்த இன்னார், 1972-இல் இந்தியா போனவர். அவருடைய கடைசித் தம்பி பிள்ளைகளைத் தேடுகிறோம். குலதெய்வம் இன்னது, பூர்வீகம் முசிறிப் பக்கம்." பெரியவர் ஒருவரின் பழைய படம் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) எண் தெரிந்தால் கண்டிப்பாகப் போடுங்கள், அதைப் பார்த்ததும் வயதானவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கடிதம் எழுதிப் பதில் வராததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். லயத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) பெரும்பாலும் தனி முகவரி கிடையாது, தபால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து கைக்கு வந்தால் உண்டு. 1984-இல் கப்பலும் நின்ற பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படித்தான் தொடர்பு அறுந்தது.

தலைக்கட்டு:

பெரட்டுக்களம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பூர்வீக ஊரில் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். அதை வைத்திருக்கிற பங்காளியைப் பிடியுங்கள். கடல் தாண்டிப் போனவர் வழி என்று பழைய நோட்டில் குறித்திருக்க வாய்ப்புண்டு. ஊரே தெரியாதவர்கள் ஒரு சொல்லைக் கவனிக்கலாம். மலையகத்தில் பாட்டியை அப்பாயி, அம்மாயி என்கிறார்களா, அப்பத்தா, அம்மாச்சி என்கிறார்களா? முதல் ஜோடி என்றால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் தேடத் தொடங்கலாம். தலைமுறை போனாலும் அந்தச் சொல் எளிதில் மாறுவதில்லை.

உறவுமுறையை மண்டபத்தில் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், பத்து நாளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று அண்ணன் தம்பிகளின் அப்பா, அம்மாவை மேலே வைத்துக் கொடிவழி வரையுங்கள். பெண் எடுத்த வீடு, கொடுத்த வீடு இரண்டும் அதில் வர வேண்டும். அத்தை மகள், மாமன் மகன் கட்டியிருப்பார்கள் என்பதால் ஒரே ஆள் ஒரு வழியில் சித்தப்பாவாகவும் இன்னொரு வழியில் மாமாவாகவும் வருவார். அப்போது அப்பா வழி முறையை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் வேறு சொன்னால் அவர்கள் சொல்வதே சரி. இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று தெரியாமல் கல்யாண வயதுப் பிள்ளைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சங்கடமாகிவிடும்.

சட்டையில் குத்த அட்டை: வழிக்கு ஒரு நிறம். "மூத்தவர் வழி, செல்லம்மாள் பேத்தி" என்ற மாதிரி எழுதுங்கள். பெயரைவிட யாருடைய பேரன், பேத்தி என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். கண்புரை உள்ளவர்களும் படிக்கத் தடித்த மார்க்கரில் எழுத வேண்டும்.

குஞ்சப்பனை வளைவு:

மே வேண்டாம். நீலகிரிக்கு வெளியூர் வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். கோடையில் தினசரி எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்கிறார்கள், சீசனில் ஒருவழிப் பாதை வேறு, அறை வாடகையும் ஏறிவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் கோத்தகிரி சாலையில் மண் சரியும். ஜனவரி நடு சரியான காலம். ஆனால் இரவு நல்ல குளிர், பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில், வெந்நீர் வரும் அறையாகப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: இலங்கை பாஸ்போர்ட்டில் வருகிறவர் ஹோம்ஸ்டேயில் தங்கினாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று கேட்டால் புரியும். முன்பணம் கொடுக்கும் முன் "உங்களிடம் அதற்கு லாகின் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டி வரும்.

கொழும்பிலிருந்து திருச்சியில் இறங்கினால் கோத்தகிரிக்கு ஆறேழு மணி நேரம் ஆகும். அதே நாளில் மலை ஏற்றாதீர்கள், ஒரு இரவு கீழே தங்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள், எவர்சில்வர் கேன் கொண்டு வாருங்கள்.

ஞாயிறு காலைக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் (இடித்த மிளகாய்த் துவையல்) போடுங்கள். அவர்கள் "கோதுமை மா" என்பது நம் மைதா. ஆட்டாவில் போட்டால் அந்த ரொட்டி வராது. 42 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 7 கிலோ மைதா, 14 தேங்காய். சம்பலுக்கு மாசிக்கருவாடு அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

லயத்துக் காம்பரா:

ஒன்று மட்டும். பூர்வீக ஊர் நிலம், பட்டா, பங்கு என்ற சொற்கள் அந்த இரண்டு நாளில் யார் வாயிலும் வரக்கூடாது. தேடி வருகிறவர் பங்கு கேட்க வருகிறார் என்ற பயம் இந்தப் பக்கம் உண்டு. "எங்களை விட்டுவிட்டுப் போனீர்கள்" என்ற வருத்தம் அந்தப் பக்கம் உண்டு. ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்தவை. கல்யாணமான அண்ணன் தம்பி தனித்தனிக் குடும்பமாக மனுப் போட்டார்கள், ஒருவருக்கு அங்கே, ஒருவருக்கு இங்கே என்று கிடைத்தது. இதைச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னிலும் சொல்லட்டும். அதன் பிறகு மைக், விளையாட்டு, பரிசு எதுவும் வைக்காமல் பெரியவர்களைச் சேர்த்து உட்கார விடுங்கள்.

கொழுந்துக்கூடை:

மிக்க நன்றி. ஜனவரிக்கு மாற்றிவிட்டோம். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யலாமா? கேமராவைப் பார்த்தால் வாயை மூடிவிடுவார்களே?

பெரட்டுக்களம்:

முதலில் அனுமதி கேட்டுவிட்டு ஒலி மட்டும் எடுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மேசையில் துண்டு மடித்து அதன்மேல் வையுங்கள். டம்ளர் வைக்கிற சத்தம் ஏறாது. காலைத் தேநீருக்குப் பிறகு, ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். "வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பேச்சு வராது. பழைய படத்தைக் கையில் கொடுத்து "இதில் இடது ஓரத்தில் நிற்கிறது யார்?" என்று கேளுங்கள். ஆளின் பெயர் வந்ததும் லயம், கங்காணி, கப்பலேறிய நாள் என்று ஒவ்வொன்றாகத் தானே வரும். அன்றைக்கு இரவே அந்த ஒலிப்பதிவை இரண்டு பேர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.