ஸ்காபரோவில் ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பாமார் பற்றிய ஆய்வு: ஆரைக் கேக்கிறது, எப்பிடிக் கேக்கிறது?

குறிஞ்சி:
வணக்கம் உறவுகளே. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து ஸ்காபரோவுக்கு (ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம்) வந்த தமிழ் முதியோர் பற்றி எங்கட சின்ன அமைப்பு ஓர் ஆய்வு செய்யப்போகுது. ஆங்கில வகுப்பு, பஸ், காசு, தனிமை, இதில எது அவையளை வீட்டுக்குள்ளேயே வைச்சிருக்குது எண்டு அறிஞ்சு, சேவை நிறுவனங்களிட்ட மாற்றம் கேக்கவேணும். கேள்வி தயாரிக்கிறது, பேட்டி எடுக்கிறது எல்லாத்திலயும் முதியோரே பங்கெடுக்கவேணும் எண்டு விருப்பம். கையில 15,000 டொலர், 8 மாதம். முதியோர் சங்கத்தில 100 பேருக்குப் படிவம் குடுத்து நிரப்பி வாங்குவம் எண்டு ஒரு யோசனை இருக்கு. சரிவருமா? பல்கலைக்கழகம் ஒண்டைச் சேர்க்கவேணுமா?

வடலி:
சங்கத்துக்கு வாற ஆக்களிட்டத் தனிமையைப் பற்றிக் கேக்கிறது கிணத்தடியில நிண்டு தண்ணிப் பஞ்சத்தை அளக்கிற மாதிரி. அவையள் ஏற்கனவே வெளியில வந்திட்டினம். உங்களுக்கு வேண்டிய ஆக்கள் வராத ஆக்கள். வராததுக்கு முக்கிய காரணம் பேரப்பிள்ளை. காலமை எட்டரைக்கும் பின்னேரம் மூண்டேகாலுக்கும் ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில போய் நில்லுங்கோ. அங்க நிக்கிற அம்மம்மா, தாத்தாமாரில கனபேரின்ர பேர் ஒரு சங்கத்திலயும் இராது. தமிழ்க் குடும்ப வைத்தியரின்ர காத்திருப்பு அறை, கிழமை நாளில பதினொரு மணிக்குத் தமிழ்க் கடை, நூலகம், இதுகளும் நல்ல இடங்கள். கோயிலை மட்டும் நம்பினால் வேதக்கார ஆக்களும் கோயிலுக்குப் போகாத ஆக்களும் விடுபட்டுப் போவினம்.

100 படிவம் வேண்டாம். 20 ஆழமான பேட்டி போதும், ஆனால் ஆரை எடுக்கிறீங்கள் எண்டதை முதலே பிரியுங்கோ. வயதையும் ஆண் பெண்ணையும் விட இதில குடிவரவு நிலைதான் பெரிசு:

– வந்து 10 வருசம் ஆகாத பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) ஆக்கள். முதியோர் பென்சனுக்கு 18 வயதுக்குப் பிறகு கனடாவில குறைஞ்சது 10 வருசம் இருந்திருக்கவேணும். அதுவரை கைச்செலவுக்கும் பிள்ளையைத்தான் கேக்கவேணும். 2014 தொடக்கத்துக்குப் பிறகு விண்ணப்பிச்ச பெற்றோருக்கு, செலவைத் தாங்கள் பாக்கிறம் எண்டு பிள்ளைகள் அரசுக்கு எழுதிக்குடுக்கிற பொறுப்பேற்பு (கியூபெக் தவிர) 20 வருசம், அதுக்கு முந்தி 10.
– 10 வருசம் தாண்டினவை. தங்கட பேரில காசு வரத்தொடங்கினால் வீட்டில அவையளின்ர இடம் மாறுதோ எண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
– சுப்பர் விசாவில (பெற்றோர், பேரன் பேத்திமாருக்கான நீண்டகால வருகை விசா) நிக்கிறவை. ஒரு வரவுக்கு 5 வருசம் வரை நிக்கலாம், ஆனால் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியும் மத்திய அரசின்ர குடியமர்வுச் சேவையும் இல்லை. கணக்கெடுப்புகளில தப்பிப்போறது இவைதான்.
– சிற்றிசன் எடுத்தவை. 55 வயதுக்கு மேல மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமை கிடைக்கும். கிடைச்ச உடன மத்திய அரசு காசு குடுக்கிற ஆங்கில வகுப்புக்குத் தகுதி போயிடும். “முதியோருக்குப் படிக்க விருப்பமில்லை” எண்டு எழுதமுதல் இதை விசாரியுங்கோ.

எந்த மாதத்தில பேட்டி எண்டும் குறிச்சு வையுங்கோ. தை மாதத்தில சொல்லுற பஸ் கதை வேற, ஆடியில சொல்லுறது வேற. 2023 ஆடியில ஸ்காபரோ ஆர்.ரி. ரெயில் நிண்டு பஸ்ஸாப் போனதால, பழைய அறிக்கையில இருக்கிற பயண நேரங்களை அப்பிடியே எடுத்துப்போட வேண்டாம்.

செம்பருத்தி:
வடலி சொன்னதுடன் உடன்படுகிறேன். நான் சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்படியான ஆய்வுகள் பெரும்பாலும் இங்குதான் சறுக்கும்.

“குடியேற்றம்” என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள். எங்கள் முதியவர்களுக்கு அது இலங்கையின் கிழக்கில் நடந்த கல்லோயாத் திட்டத்தையும் அதற்குப் பின் வந்த அரச குடியேற்றத் திட்டங்களையும் நினைவூட்டும். “விசாரணை”, “பதிவு” என்பவையும் அப்படித்தான்: ஒன்று பொலிஸ், மற்றது கொழும்பில் தங்குவதற்குப் பெயர் பதிந்த காலம். “இங்க வந்து காலூன்றினது பற்றிக் கதைக்கிறம்” என்றால் போதும்.

கையொப்பமும் அதே சிக்கல். ஆங்கிலத்தில் நான்கு பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டினால், மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். மகன் வேண்டாம் என்பார். கனடாவின் முச்சபை ஒழுக்கநெறிக் கோவை (மத்திய அரசின் மூன்று ஆராய்ச்சி நிதிச் சபைகளின் விதிமுறை, TCPS 2) எழுத்தொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாகவோ பேட்டி எடுப்பவரின் குறிப்பாகவோ வைத்திருக்கலாம். அந்தக் கோவைக்கான இலவச இணையப் பயிற்சியைப் பேட்டி எடுக்கும் எல்லோரும் முடிக்கட்டும். ஆங்கிலம் தடையானால் ஒருவர் பக்கத்தில் இருந்து தமிழில் விளக்கலாம்.

பல்கலைக்கழகம் சேர்ந்தால் அவர்களின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை ஒதுக்குங்கள். அதற்கு முன், ஒலிப்பதிவுகள் யாருக்குச் சொந்தம், யாரைக் கேட்டுப் பிரசுரிப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

“தனிமையாக உணர்கிறீர்களா?” என்று கேட்டால் “பிள்ளையள் நல்லாத்தான் பாக்கினம்” என்ற பதில்தான் வரும், மருமகள் அடுத்த அறையில் நின்றால் இன்னும் உறுதியாக. இப்படிக் கேளுங்கள்: “நேற்றுக் காலமை எழும்பினதில இருந்து ஆரோட கதைச்சனீங்கள்?” “கடைசியாத் தனிய பஸ் ஏறினது எப்ப, எங்க போக?” பேட்டி வீட்டில் என்றால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். யாராவது உள்ளே வந்தால் உடனே மாறுவதற்குச் சாதுவான கேள்வி ஒன்று (பஸ், குளிர்ச் சட்டை) தயாராக இருக்கட்டும்.

“எல்லாம் இரகசியம்” என்று முழுவாக்குக் கொடுக்க முடியாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு என்று நியாயமான சந்தேகம் வந்தால் ஒன்ராறியோ சட்டப்படி அறிவித்தே ஆகவேண்டும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முதியவருக்கே கொடுமை நடப்பதாகத் தெரியவந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டி முடிவெடுங்கள். 211 என்ற சமூக சேவைத் தகவல் இலக்கத்துக்கு அழைத்தால் மொழிபெயர்ப்பாளருடன் வழிகாட்டுவார்கள்.

குறிஞ்சி:
இரண்டு பேருக்கும் நன்றி. காசுதான் இப்ப பயம். பேட்டி எடுக்கிற முதியோருக்குக் குடுக்கிறதில பென்சன் பிரச்சினை வருமா?

கணக்கர்:
4 பேர், ஆளுக்கு 50 மணித்தியாலம் (பயிற்சி 12, பேட்டி 5, ஒண்டுக்கு 4 மணி படி 20, தரவை இருந்து பிரிச்சுப் பார்க்க 18), மணிக்கு 25 டொலர்: 5,000. பேட்டி குடுக்கிற 20 பேருக்கு 40 டொலர் படி 800. எழுத்தாக்கம்தான் (ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுறது) ஆக்களை விழுத்துறது: ஊர்த் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு 6 மணி நேரம் போடுங்கோ. 20 மணிப் பதிவுக்கு 120 மணி, 3,000. ஆலோசனைக் குழுவில 5 முதியோர், 6 கூட்டம், 50 டொலர் படி 1,500. சாப்பாடு, பஸ் 1,200. முடிவைத் திருப்பிச் சொல்லுற கூட்டம், அச்சு 1,500. மொத்தம் 13,000. மிச்சத்தைத் தொடாதேங்கோ.

பஸ்ஸுக்கு: ரி.ரி.சி. (ரொறன்ரோ பஸ், ரெயில் சேவை) கட்டணம் 2 மணி நேரம் செல்லும். கூட்டம் ரெண்டு மணித்தியாலம் எண்டால் போக ஒண்டு, வர ஒண்டு எண்டு கணக்குப் போடுங்கோ. பிரெஸ்ரோ எண்ட பயணக் காட்டில முதியோர் கட்டணம் பதிஞ்சிருக்கோ எண்டும் பாருங்கோ. கனபேர் முழுக்காசு குடுத்துப் போகினம்.

குறைஞ்ச வருமானக்காரருக்குப் பென்சனோட வாற வருமானக் குறைநிரப்புத் தொகையில (GIS) உழைப்பு வருமானம் முதல் 5,000 டொலர் கணக்கில எடுக்கப்படாது. ஆளுக்கு வாற 1,250 அதுக்குள்ள அடங்கும், ஆனால் அது உழைப்பாப் பதியப்படவேணும். ரி4ஏ (T4A) எண்ட வருமானவரிப் படிவத்தில “வேறு வருமானம்” எண்ட பெட்டியில போட்டால் அந்த விலக்குக் கிடைக்காமல் போகலாம். சுப்பர் விசா ஆக்களை வேலைக்கு எடுக்கேலாது. பேட்டி குடுத்ததுக்கு நன்றித்தொகை குடுக்கிறது வேற விசயம்.

வடலி:
குழுவைப் பற்றி ஒண்டு. 9 பேரில 5 பேராவது முதியோரா இருக்கவேணும், கூட்டம் தமிழில நடக்கவேணும். ஆங்கிலக்காரருக்குத்தான் மொழிபெயர்ப்பாளர். மறுவளமா வைச்சால் முதியோர் ரெண்டாம் கூட்டத்தோட தலையாட்டத் தொடங்கிடுவினம். வகுப்பு நேரத்தை மாத்தக்கூடிய ஒரு நிறுவன முகாமையாளரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கோ, அறிக்கை முடிஞ்ச பிறகு இல்லை.

செம்பருத்தி:
அறிக்கையில் மேற்கோள் போடும்போது “82 வயது, நெடுந்தீவு, மகன் பல்வைத்தியர்” என்று எழுதினால் பெயரைப் போட்டதற்குச் சமம். “80 தாண்டியவர், வடக்கு” என்று நிறுத்துங்கள். பேட்டி எடுப்பவரையும் அதே ஊர், அதே கோயில், அதே கட்டடம் இல்லாமல் பார்த்து அனுப்புங்கள்.