ஹெச்டிடிபி சர்வர் ஹேண்ட்லருக்குள் என் ஆப்ஜெக்டை எப்படிக் கொண்டுபோவது?

மீன்தொட்டி
ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஒரு பைத்தான் நிரல். டிஎஸ்18பி20 சென்சார் வழியாகத் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையைப் படிக்கிறது, அதைப் போனில் பார்க்க அதே நிரலுக்குள் ஹெச்டிடிபி சர்வரையும் ஏற்றிவிட்டேன். ஆனால் சர்வர் கேட்பது ஹேண்ட்லர் கிளாஸை (வரும் கோரிக்கைக்குப் பதில் சொல்வது), வெப்பநிலையை வைத்திருக்க நான் உருவாக்கிய மானிட்டர் ஆப்ஜெக்டை அதற்குள் கொடுக்க வழியே தெரியவில்லை. குளோபலாக வைத்தேன், ஒரே ஃபைலில் இருந்தவரை ஓடியது. ஹேண்ட்லரைத் தனி ஃபைலுக்கு மாற்றினேன், அதன் மேலேயே முதல் ஃபைலான மெயினை இம்போர்ட் செய்தால் சர்குலர் இம்போர்ட் (ஒன்றையொன்று இம்போர்ட் செய்வது) என்று திட்டியது, அதனால் அந்த இம்போர்ட்டைக் கோரிக்கை வரும்போது ஓடும் டூ_கெட்டுக்குள் போட்டேன். இப்போது பிழை இல்லை, ஆனால் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் 0. மெயினில் பிரிண்ட் போட்டால் 27.4 சரியாக வருகிறது!

பழையபைத்தான்
இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். நீங்கள் நேரடியாக ஓட்டும் ஃபைலுக்கு பைத்தான் வைக்கும் பெயர் மெயின் இல்லை, இரண்டு பக்கமும் அடிக்கோடு போட்ட மெயின். ஹேண்ட்லர் வெறும் 'மெயின்' என்று கேட்டதும், அப்படி ஒன்று இன்னும் ஏறவில்லையே என்று அதே ஃபைலை இரண்டாம் முறை ஏற்றுகிறது. ஆக இரண்டு மானிட்டர் ஆப்ஜெக்ட். ஒன்று சென்சாரைப் படிக்கிறது, இன்னொன்று சும்மா 0-வோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் மானிட்டரின் ஐடி எண்ணைப் பிரிண்ட் செய்து பாருங்கள், வேறு வேறாக இருந்தால் ஆப்ஜெக்டும் வேறு.

அரைகுறை_டெவ்
ஃபங்டூல்ஸில் பார்ஷியல் இருக்கிறதே, ஒரு கிளாஸுக்கு வேண்டிய மதிப்பை முன்கூட்டியே கட்டிக் கொடுப்பது. ஹேண்ட்லர் உருவாகும்போது ஓடும் இனிட்டில் மானிட்டரை வாங்கிக்கொண்டு, பார்ஷியலைச் சர்வரிடம் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: சூப்பர் இனிட்டை (தாய் கிளாஸின் இனிட்) கூப்பிடும் முன்பே செல்ஃபில் வைத்துவிட வேண்டும். கோரிக்கைக்குப் பதில் அனுப்பும் வேலை முழுக்க அந்த சூப்பர் இனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே எழுதினால் பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை.

பழையபைத்தான்
பார்ஷியல் சரிதான், ஆனால் இதற்கு அவ்வளவு சுற்று வேண்டாம். சர்வரை உருவாக்கியதும் அதன் மேலேயே சர்வர்.மானிட்டர் என்று வைத்துவிடுங்கள், ஹேண்ட்லருக்குள் செல்ஃப்.சர்வர்.மானிட்டர் என்று எடுக்கலாம். ஹேண்ட்லர் ஆப்ஜெக்ட் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகப் பிறந்து சாகிறது, சர்வர்தான் கடைசிவரை இருப்பது, பொதுவாக வேண்டியதை அதனிடம் வைப்பதுதான் நியாயம்.

மீன்தொட்டி
ஐடி எண் இரண்டும் வேறு வேறு, நீங்கள் சொன்னதேதான். சர்வரில் வைத்தேன், 27.4 வந்துவிட்டது, நன்றி அண்ணா. அப்புறம் இன்னொன்று, குரோமில் திறந்து வைத்திருந்தால் போனில் சில நேரம் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதுவும் என் வேலையா?

பழையபைத்தான்
இல்லை, குரோம் முன்கூட்டியே ஒரு சாக்கெட்டைத் திறந்துவைத்துவிட்டு எதுவும் கேட்காமல் இருக்கும், ஒற்றைத் திரெட் சர்வர், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சர்வர், அதற்கே காத்துக் கிடக்கும். பைத்தான் 3.7 முதல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் திரெட் தரும் திரெடிங்ஹெச்டிடிபிசர்வர் இருக்கிறது, அதற்கு மாறுங்கள். மாறினால் பல திரெட்கள் ஒரே மானிட்டரைத் தொடும் என்பதை மறக்காதீர்கள். ஹேண்ட்லரிலிருந்து சென்சாரை நேரடியாகப் படிக்கவே படிக்காதீர்கள், 12 பிட்டில் ஒரு தடவை அளக்கவே 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். சென்சாரைத் தனித் திரெட் ஒன்று மட்டும் படித்து, வெப்பநிலையையும் நேரத்தையும் ஒரே டூப்பிளாக (மாறாத ஜோடியாக) மாற்றி வைக்கட்டும், ஹேண்ட்லர் அதை எடுத்துக் காட்டினால் போதும், திரெட்கள் மோதாமல் பூட்டும் லாக்கே வேண்டாம். பின்னால் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் சேமிக்க ஆசை வந்தால் மட்டும் கனெக்‌ஷனைச் சர்வரில் மாட்டாதீர்கள், வேறு திரெட்டில் உருவானது என்று கத்தும்.