பழைய ஹாலிவுட் படங்களைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்களேன்

நானே ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியா பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஸ்டான்ஃபோர்ட் தியேட்டர் பற்றித் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். பாலோ ஆல்டோவில், யுனிவர்சிட்டி அவென்யூவில் இருக்கிறது, கால்ட்ரெயினில் போய் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1925இல் திறந்த தியேட்டர். 1987இல் பேக்கார்ட் குடும்ப அறக்கட்டளை வாங்கிப் பழைய அழகு கெடாமல் புதுப்பித்தது. 1920களிலிருந்து 1965 வரை வந்த படங்கள்தான் பெரும்பாலும் போடுவார்கள், அதுவும் டிஜிட்டலில் இல்லாமல் ஃபிலிமில். பல நாட்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். மாலை ஏழரை மணிக் காட்சியை ஒட்டி வுர்லிட்சர் ஆர்கன் (மௌனப் பட காலத்துத் தியேட்டர் இசைக்கருவி) வாசிப்பார்கள், அதற்காகவே கொஞ்சம் சீக்கிரமாகப் போய் உட்காருங்கள்.

அங்கே நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் 'எ நைட் அட் தி ஓபரா' (1935) பார்த்ததைத்தான் சொல்ல வந்தேன். வீட்டில் டிவியில் பார்த்தால் அந்தப் படம் ஆங்காங்கே நின்று நின்று போகிற மாதிரி இருக்கும். சகோதரர்களில் ஒருவரான க்ரௌச்சோ ஒரு வரி சொல்வார், அப்புறம் யாரும் பேசாமல் ஒரு இடைவெளி, ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று தோன்றும். தியேட்டரில் அந்த இடைவெளியே இல்லை, அது முழுக்கச் சிரிப்பு! படம் எடுப்பதற்கு முன்பே முக்கியமான நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்து, ஜனங்கள் எந்த வரிக்கு எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டுதான் ஷூட்டிங் போயிருக்கிறார்கள், தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க்கின் யோசனை அது. நாம் சிரிக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்தே எடுத்த படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிர் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் இடைவெளியே விடமாட்டார், கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசிக்கொண்டே போவார்கள், அரங்கம் சிரிக்கிற சத்தத்தில் அடுத்த இரண்டு வரி போயே போய்விடும். அதனால் என்ன, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், சோகப் படங்களை வீட்டில்கூடப் பார்க்கலாம், காமெடியை மட்டும் கூட்டத்தோடு பாருங்கள்.

தியேட்டர் பக்கத்தில் இல்லாதவர்கள் உள்ளூர் நூலக அட்டையை வைத்து கேனோப்பி என்ற இணையப் படச் சேவையில் தேடுங்கள், காசு கிடையாது. கேபிள் இருந்தால் டிசிஎம் என்ற பழைய படச் சேனல், படத்தின் நடுவே விளம்பரம் வராது. இணையத்தில் கிரைட்டீரியன் சேனலும் இருக்கிறது, அது மாதச் சந்தா.

—

நண்பரே, நான் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பக்கம். இங்கே ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியத்தில் 2015இல் 'நைட்ரேட் பிக்சர் ஷோ' என்று ஒரு விழா தொடங்கினார்கள். 1950களின் ஆரம்பம் வரை ஹாலிவுட்டில் புழங்கிய ஃபிலிம் நைட்ரேட்தான். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதிலேயே இருக்கிறது. அதனால் அதை ஓட்டத் தீத்தடுப்போடு கட்டிய ப்ரொஜெக்டர் அறை வேண்டும், அந்த வசதி உள்ள அரங்குகள் அமெரிக்காவிலேயே விரல்விட்டு எண்ணலாம், இங்குள்ள டிரைடன் தியேட்டர் அதில் ஒன்று.

என்னென்ன படங்கள் என்று விழா தொடங்கும் நாள் வரை சொல்லமாட்டார்கள். கடைசிப் படத்தின் பெயர் திரையில் வந்தால்தான் தெரியும். ஒவ்வொரு பிரதியும் எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று நிகழ்ச்சிக் கையேட்டில் போட்டிருப்பார்கள், பழைய ஃபிலிம் காய்ந்து சுருங்குமே, ரொம்பச் சுருங்கினால் மெஷினில் ஓடாது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் கதாநாயகியின் பட்டு உடை மின்னியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் என்னைப் போலவே அதைப் பார்க்க எங்கிருந்தோ வந்தவர்கள். டிஸ்க்கில் எவ்வளவு சுத்தமான பிரதி வந்தாலும் இந்த வெளிச்சம் வராது என்றே நினைக்கிறேன்.

—

இலவசமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேரி கிராண்ட், ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த 'ஷரேட்' (1963) இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் கிடைக்கும், அமெரிக்காவில் சட்டப்படி தப்பே இல்லை. காப்புரிமை அறிவிப்பைப் படத்தில் முறைப்படி போடாததால் அமெரிக்காவில் அது வெளியான உடனேயே பொதுச்சொத்தாகிவிட்டது. ஆனால் இப்படி உரிமை போன படங்களை யார் வேண்டுமானாலும் நகலுக்கு நகல் எடுத்துப் போடலாம் என்பதால் நிறையப் பிரதிகள் மங்கலாக, நிறம் வெளுத்து, சத்தம் இரைச்சலாக இருக்கும். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு பழைய படம்னாலே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புதுப்பித்த பிரதி ப்ளூரேயில் வந்திருக்கிறது, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், கதை நடக்கும் பாரிஸ் தெருக்கள் அதில் எவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன!