நாட்டுச்சர்க்கரைப் பைக்குக் கையால் பெயர் வரைவது எப்படி?

கேள்வி: கோபி வடிவமைப்பாளர்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை செய்கிறேன். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலை வைத்திருப்பவர் ஒருவர், அரைக் கிலோ நாட்டுச்சர்க்கரைப் பைக்குப் பெயர் கேட்டிருக்கிறார். கணினி எழுத்துரு எதைக் காட்டினாலும் தலையாட்டுகிறார். பழைய கடைப் பலகை எழுத்துதான் வேண்டுமாம். பழுப்புக் காகிதப் பை, ஒரே நிறம், ஸ்கிரீன் பிரிண்டிங். 'நாட்டுச்சர்க்கரை' பெரிதாக, கீழே 'ஆலையிலிருந்து நேராக' சிறிதாக.

எழுத்துகள் தனித்தனியே அழகாக வருகின்றன. சேர்த்து வைத்தால் சொல் பிய்ந்து நிற்கிறது. எங்கே சரிசெய்வது? 'லை'யைப் பழைய துதிக்கையோடு, அதாவது 'ை' குறியைத் தனியே போடாமல் யானைத் துதிக்கைபோல எழுத்தோடு சேர்த்து வளைக்கும் வடிவில், போடலாமா?

பதில்: ஈரோட்டுப் பலகை எழுத்தர்

அம்மணி, எழுத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் எழுதிய காலத்திலிருந்து நான் செய்வது இதுதான்: மேலும் கீழும் சுண்ணாம்பு நூல் அடித்துவிட்டு, முதலில் முழுச் சொல்லையும் மெல்லிய ஒற்றைக் கோட்டில் ஓட்டிவிடுவேன். தடிமன் எல்லாம் பிறகு.

உங்கள் சொல்லில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. அவைதான் சொல்லைப் பிய்க்கின்றன. எல்லாவற்றையும் மேலே ஒரே வரிசையில் வைத்தால் தலைக்கு மேல் இன்னொரு வரி எழுதியதுபோல ஆகிவிடும். 'ட'வின் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதல்லவா? அந்தப் புள்ளியைச் சற்று இறக்கி அந்த மடியில் வையுங்கள். ஓட்டை அடைபடும், மேலே பாரமும் குறையும்.

அடுத்தது 'ர்க்'. பழைய அச்சிலும் பலகையிலும் 'ர்' என்பதற்குக் கீழே சாய்கோடு இருக்காது. துணைக்கால் மேல் புள்ளி வைத்த உருவம்தான். அப்படியே வரையுங்கள். 'ச'வும் 'க்'கும் நெருங்கி வர இடம் கிடைக்கும். கடைசி 'ரை'யில் மட்டும் சாய்கோட்டை நன்றாக இழுத்து விடலாம். சொல் அங்கே முடிகிறது, தாராளமாக இடம் உண்டு.

துதிக்கை தாராளமாகப் போடுங்கள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் எழுதப்பட்டன. பெரியவர்கள் பார்த்ததும் படிப்பார்கள். 'ஆலை' என்பதால் பிள்ளைகளும் ஊகித்துவிடுவார்கள். ஆனால் 'ரை'க்கு அந்தக் காலத்திலும் துதிக்கை கிடையாது. ஆசையில் அதற்கும் மாட்டிவிடாதீர்கள். தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தூரிகைகளை மூலையில் போட்டுவிட்டது. ஒரு சர்க்கரைப் பைக்குக் கையெழுத்து வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நிற்பதைக் கேட்கவே மனம் நிறைகிறது. அவருக்காகவாவது நன்றாகச் செய்து கொடுங்கள்.

பதில்: திருப்பூர் ஸ்கிரீன் பட்டறை

ஐயா சொன்னதோடு அச்சுப் பக்கத்தையும் பாருங்கள். பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சும், கோடு சற்றுப் பருக்கும். வட்டமாகப் போட்டு நடுவை வெறுமையாக விடும் புள்ளி அடைத்துக்கொள்ளும்; நிரப்பிய புள்ளியாகவே வையுங்கள். 'க'வின் வயிற்றையும் துதிக்கையின் வளைவையும் வழக்கத்தைவிட அகலமாகத் திறந்து விடுங்கள்.

டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையில் முடித்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுப் படமாக, மாற்றுங்கள். தானாக மாற்றும்போது தேவையில்லாத கணுக்கள் (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) குவியும். அவற்றை அழித்து, வளைவின் உச்சியிலும் அடியிலும் பக்கங்களிலும் மட்டும் கணு வையுங்கள். அதற்காக எல்லாக் கோட்டையும் ஒரே சீராக்கிவிட்டால் கையால் வரைந்ததற்கு அர்த்தமில்லை. எடை, விலை, தேதி மட்டும் சாதாரண எழுத்துருவில் தெளிவாக இருக்கட்டும்.

கோபி வடிவமைப்பாளர்

ஐயா, 'ட்' புள்ளியை இறக்கியதும் சொல் சேர்ந்துகொண்டது! மிக்க நன்றி. கோட்டின் தடிமனை எப்படி ஒரே அளவில் வைப்பது?

ஈரோட்டுப் பலகை எழுத்தர்

பட்டைத் தூரிகை வாங்குங்கள், அம்மணி. அதன் அகலம்தான் உங்கள் தடிமன். சாய்வை மாற்றாமல் பிடித்தால் மெலிவும் தடிப்பும் அதுவாகவே விழும். மை போடுவதற்கு முன் பென்சில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க வராதபோதுதான் எங்கே ஓட்டை, எங்கே நெரிசல் என்று கண்ணுக்குத் தெரியும். அதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.