தகடூர் சொந்தங்கள் குழு: ஒகேனக்கல் கட்டுரை பற்றிய பேச்சு

வியாழன், இரவு 8.05
நான்: அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒகேனக்கல் சென்று திரும்புவது பற்றி 1000 சொற்களில் ஒரு கட்டுரை தரும்படி, சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு மாத இதழ் கேட்டிருக்கிறது. பயணக் கட்டுரைக்கு எனக்குக் கிடைத்துள்ள முதல் வாய்ப்பு இதுதான். தொடக்கப் பத்தியைக் கீழே இடுகிறேன். அண்ணியும் பெரியப்பாவும் தயங்காமல் குறை சொல்ல வேண்டும்.

“இந்தியாவின் நயாகரா என்று போற்றப்படும் ஒகேனக்கல், இயற்கை அன்னை தருமபுரி மாவட்டத்துக்கு அளித்த அருட்கொடை. வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல் கொட்டும் அருவியைக் கண்டால் நம் கவலைகள் பறந்தோடும்.”

இரவு 8.21
அண்ணி: கண்ணு, வாழ்த்துகள். ஆனால் இந்த இரண்டு வரிகளை எழுதுவதற்கு யாரும் ஒகேனக்கல்லுக்குப் போக வேண்டியதில்லை. பழைய காலண்டர் படம் ஒன்று இருந்தால் போதும். உன் கட்டுரையைப் படிக்கப் போகிறவள், நான்கு வயதுப் பிள்ளையையும் மூட்டுவலி உள்ள மாமியாரையும் வைத்துக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு பெண். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், குளித்த பிறகு பெண்கள் உடை மாற்ற இடம் எப்படி இருக்கிறது, பரிசல் ஏறும் துறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும், குழந்தையின் உடம்புக்குப் பொருந்தும் அளவில் உயிர்காப்பு உடை கிடைக்கிறதா, கையில் பிடித்திருக்கும் பொட்டலத்தைக் குரங்கு பறிக்குமா என்பவைதாம் அவளுடைய கேள்விகள். அருவி அழகாக இருக்கும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

இரவு 8.24
நான்: நான் கடைசியாக அங்கே போனது கல்லூரி இரண்டாம் ஆண்டில், அண்ணி. மற்ற விவரங்களை யாரிடமாவது தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன்.

இரவு 8.40
அண்ணி: அதை மட்டும் செய்யாதே. நான் எழுதத் தொடங்கிய புதிதில் பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கல் போய் வந்து, பரிசலில் பாறை இடுக்குகளுக்குள் சென்ற அனுபவத்தை ஒரு இதழுக்கு எழுதி அனுப்பினேன். அவர்கள் அதை ஆடி மாதத்தில் வெளியிட்டார்கள். அப்போது கர்நாடகத்தில் மழை பெய்து, கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறந்த நீர் காவிரியில் வந்துகொண்டிருந்ததால், மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதித்திருந்தது. என் கட்டுரையை நம்பி விழுப்புரத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம், தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தத் தாய் இதழுக்கு எழுதிய கடிதத்தில் திட்டு எதுவும் இல்லை. ‘நீங்கள் எந்த மாதம் போனீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்’ என்று மட்டும் இருந்தது. அன்று முதல் நான் போன மாதத்தைக் குறிப்பிடாமல் ஒரு கட்டுரைகூட அனுப்பியதில்லை.

ஆகவே, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்பதைப் புறப்படுவதற்கு முன் செய்தியில் பார்க்க வேண்டும் என்று கட்டுரையின் முதல் பாதியிலேயே சொல். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் அளவு அது. நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இரவு 8.52
பெரியப்பா: பாப்பா, கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை, நீர் பாறையில் மோதிப் புகைபோல் எழுவதால் வந்த பெயர் என்பதைக் குழந்தைகளுக்கும் புரியும்படி எழுது. இன்னொன்றும் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த புளோரைடால் எத்தனை பிள்ளைகளின் பற்கள் கறை படிந்தன என்பதை நான் வகுப்பறையில் நின்று பார்த்தவன். ஜப்பானின் கடனுதவியோடு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு அந்த ஆற்று நீரை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. சுற்றுலா வருகிறவர் குளித்துவிட்டுப் போகும் காவிரி, இங்குள்ளவர்களுக்குக் குடத்தில் வருகிற நீர் என்று நீ எழுதினால், துணி துவைக்கும் சோப்பையும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் ஆற்றில் போடுகிறவர் ஒருவராவது கையை இழுத்துக்கொள்வார்.

இரவு 8.55
நான்: இதைக் கட்டாயம் சேர்க்கிறேன், பெரியப்பா. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். அப்படியே அதியமான்கோட்டை, பாப்பாரப்பட்டி, தீர்த்தமலை எல்லாவற்றையும் இதே கட்டுரையில் சொல்லிவிடலாமா?

இரவு 9.03
அண்ணி: வேண்டாம். ஒரு நாளில் ஒரு குடும்பத்தால் செய்ய முடியாததை ஒரே கட்டுரையில் அடைக்காதே. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதுண்டு. மீன் வாங்கி அங்கேயே சமைத்துத் தரச் சொன்னால் அதற்கும் காத்திருக்க வேண்டும். மாலை இருட்டுவதற்குள் மலைப்பாதையைக் கடந்துவிட வேண்டும் என்று கணக்கிட்டால், முதலைப் பண்ணையையும் தொங்கு பாலத்தையும் பார்ப்பதற்கே நேரம் போதாமல் போகும்.

மற்ற இடங்கள் உனக்கு அடுத்தடுத்த கட்டுரைகள். சுப்பிரமணிய சிவா 23 ஜூலை 1925 அன்று காலமான பாப்பாரப்பட்டியில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழ் ஒன்றுக்கு அதைப் பற்றி எழுதலாம். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களையும், ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் பெயர் தாங்கிய அதியமான்கோட்டையையும் சேர்த்து அரை நாள் பயணமாக எழுதலாம். ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இருக்கிறது.

இரவு 9.10
சித்தி (ஓசூர்): தீர்த்தமலையை எழுதும்போது என்னிடம் கேள், கண்ணு. சென்ற தையில் என் மாமியாரை அழைத்துச் சென்றோம். ராமர் அம்பு எய்து உண்டாக்கிய தீர்த்தம் என்று சொன்னதும் அவர் ஆசையாகக் கிளம்பிவிட்டார். எங்கோ படித்த குறிப்பில் ‘சிறிது தூரம் படியேற வேண்டும்’ என்று இருந்தது. பாதி மலையில் அவருக்கு மூச்சு வாங்கி, ஒரு பாறை நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மேலே போகவும் மனமில்லை, தீர்த்தம் ஆடாமல் இறங்கவும் மனமில்லை. என் கணவர் மட்டும் ஏறிப்போய் ராமர் தீர்த்தத்து நீரைப் பாட்டிலில் பிடித்து வந்து அவர் தலையில் தெளித்தார். எழுதியவர் அந்தப் படிகளில் ஏறியிருந்தால் ‘சிறிது தூரம்’ என்று எழுதியிருக்க மாட்டார்.

இரவு 9.12
அண்ணி: இதைவிட நான் சொல்ல எதுவும் இல்லை, அத்தை. கண்ணு, படிகளை எண்ணு. எங்கே நிழல் இருக்கிறது, எங்கே உட்காரலாம் என்பதையும் குறித்துக்கொள்.

இரவு 9.20
நான்: அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் ‘கட்டுரையின் அனைத்து உரிமைகளும் இதழுக்கே’ என்று இருக்கிறது. கையெழுத்திடலாமா? அங்குள்ள ஒரு விடுதி, தன் பெயரைக் குறிப்பிட்டால் இலவசமாகத் தங்க இடம் தருவதாகவும் சொல்கிறது.

இரவு 9.41
அண்ணி: அவசரப்படாதே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத எழுத்தாளர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். அந்த உரிமை எழுத்து மூலமாகத்தான் கைமாறும். எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு என்றும் சட்டம் கொள்ளும். ‘முதல் முறை வெளியிடும் உரிமையை மட்டும் தருகிறேன், பின்னாளில் நூலாகத் தொகுக்கும் உரிமை என்னிடம் இருக்க வேண்டும்’ என்று பணிவாகக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. பலர் ஒப்புக்கொள்வார்கள். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார்கள், அவர்களே வெளியிடாமல் விட்டால் என்ன தருவார்கள் என்பவற்றையும் அதே கடிதத்தில் கேள். எனக்கு ஒரு கட்டுரைக்கான பணம் பதினொரு மாதம் கழித்து வந்தது, காரணம் நான் எதையும் எழுத்தில் வாங்காததுதான். பான் எண்ணையும் மறக்காமல் கொடு, இல்லாவிட்டால் வரிப்பிடித்தம் 20 விழுக்காடாகும்.

விடுதி வேண்டவே வேண்டாம். அங்கே இலவசமாகத் தங்கிவிட்டு அதன் கழிப்பறையைப் பற்றி உன்னால் உண்மை எழுத முடியாது. எப்போதாவது அப்படித் தங்க நேர்ந்தால், தங்கியதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரவு 9.48
சித்தி (ஓசூர்): ஞாயிற்றுக்கிழமை நாங்களும் வருகிறோம். என் மாமியாரும், மகளின் நான்கு வயதுப் பையனும் கூட வருவார்கள். உன் கட்டுரைக்கு வேண்டியவர்கள் அவர்கள்தாமே?

இரவு 9.50
நான்: சித்தி, இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்! இன்றைய நீர்வரத்தைப் பார்த்தேன், பரிசல் ஓடுகிறது. ஞாயிறு காலை மறுபடி பார்த்துச் சொல்கிறேன். தொடக்கப் பத்தியை அழித்துவிட்டேன்.

இரவு 9.54
பெரியப்பா: காலை ஆறரை மணிக்குத் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். பையனுக்கு எலுமிச்சம்பழமும் மாற்றுத்துணியும் எடுத்து வாருங்கள். படிகளை எண்ண நானும் வருகிறேன்; பாப்பா இறங்கும்போது எண்ணட்டும், நான் ஏறும்போது எண்ணுகிறேன்.