காக்க வைக்கும் நாயகர்கள்: தொடர்களிலும் வீடியோ கேம்களிலும் என் அனுபவம்

சூப்பர்ஹீரோ தொடர்களை ஆர்வத்துடன் பார்ப்பவன் நான். அதே நாயகர்களின் வீடியோ கேம்களையும் விடாமல் ஆடுபவன். இரண்டிலும் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான்: சொல்ல வேண்டியது தீர்ந்த பிறகும் நம்மை எழுந்து போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

2014இல் தொடங்கிய 'தி ஃபிளாஷ்' தொடரின் முதல் சீசனில் 23 எபிசோடுகள் இருந்தன. அத்தனையையும் அலுப்பில்லாமல் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு சில்லறை வில்லன் வந்து போனாலும், நாயகனுக்கு உதவும் விஞ்ஞானி ஹாரிசன் வெல்ஸ் உண்மையில் யார் என்ற சந்தேகம் அடியோட்டமாக இருந்துகொண்டே இருந்தது. அதன் பிறகுதான் சலிப்பு தொடங்கியது. ரிவர்ஸ் ஃபிளாஷ் போய் ஜூம் வந்தான். ஜூம் போய் சாவிடார் வந்தான். மூன்று சீசன்களிலும் முதன்மை வில்லன் நாயகனைவிட வேகமாக ஓடுபவனாகவே இருந்தான். (உலகின் அதிவேக மனிதன் என்று ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் நாயகன் பாரி ஆலன் சொல்லிக்கொள்வதை யாரும் அவரிடம் மறுத்துப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.) நாயகன் தோற்பதும், ஆய்வுக்கூடத்தில் நண்பர்கள் அவருக்குத் தைரியம் சொல்வதும், மறுபடி ஓடுவதும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்ததால், எந்த நிமிடத்தில் யார் ஆறுதல் சொல்வார் என்பதைக்கூட முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது.

காத்திருப்பதே பிடிக்காதவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். 2015இல் வந்த 'டேர்டெவில்' முதல் சீசனில் வில்லன் வில்சன் ஃபிஸ்க்கின் முகத்தை மூன்றாவது எபிசோடின் இறுதியில்தான் காட்டுகிறார்கள். அதுவரை அந்தப் பெயரை உச்சரிக்கவே அடியாட்கள் நடுங்குவார்கள். கடைசியில் அந்த மனிதர் ஓவியக்கூடம் ஒன்றில் வெள்ளை நிறப் படத்தின் முன் தனியாக, கூச்சத்துடன் நின்றுகொண்டிருப்பார். அந்தத் தாமதத்துக்கு ஒரு பொருள் இருந்தது. அதே தொடரின் இரண்டாவது எபிசோடில் வரும் நடைவழிச் சண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். கடத்தப்பட்ட சிறுவனை மீட்கப் போகும் நாயகன் மேட் மர்டாக் மூச்சு வாங்கி, தள்ளாடி, சுவரில் சாய்ந்து நின்று, பிறகு மீண்டும் அடிக்கிறார். அடி வாங்கி விழுந்தவர்களும் எழுந்து வருகிறார்கள். களைப்பு என்ற ஒன்றை இவ்வளவு நன்றாகக் காட்டிய சூப்பர்ஹீரோ சண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுருக்கத்துக்கு உதாரணம் கேட்டால், 1992ஆம் ஆண்டின் பேட்மேன் அனிமேஷன் தொடரில் வந்த 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடைத்தான் சொல்வேன். உறைபனித் துப்பாக்கியோடு திரிந்த வேடிக்கை வில்லனாகவே அதுவரை இருந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு, நோயுற்ற மனைவியையும் ஆறாத துக்கத்தையும் கொடுத்து அவரை மனிதராக்க அவர்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

வீடியோ கேம்களில் இந்த இழுத்தடிப்பு இன்னும் மோசம். தொடரென்றால் ஓட்டிவிட்டாவது பார்க்கலாம். 2015இல் வெளிவந்த 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' என்னைப் பொறுத்தவரை மிக அழகான விளையாட்டு. மழையில் நனைந்த கோத்தம் நகரின் மேல் சிறகு விரித்து மிதப்பது இன்றும் சலிக்கவில்லை. ஆயினும் கதையின் முழுமையான முடிவைப் பார்க்க வேண்டுமானால், நகரெங்கும் புதிர் போடும் வில்லன் ரிடலர் சிதறி வைத்திருக்கும் 243 சவால்களையும் முடித்து அவரைச் சிறைப்பிடித்தாக வேண்டும். முதல் சில புதிர்கள் மூளைக்கு வேலை கொடுத்தன. பிறகு அது வெறும் பொறுக்கியெடுக்கும் வேலையாகிவிட்டது. கோத்தம் பற்றியெரியும் இரவில், உயிரைப் பணயம் வைத்துப் போராடும் பேட்மேன் கூரை கூரையாக ரிடலர் ஒளித்து வைத்த கோப்பைகளைத் தேடி அலைவது அந்தக் கதாபாத்திரத்துக்கே பொருந்தவில்லை.

தவிர்க்க முடியாத கட்சீன்கள், அதாவது ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டும் கதைக் காட்சிகள், அடுத்த எரிச்சல். பெயர் வேண்டாம், ஒரு விளையாட்டில் முக்கிய வில்லனோடு மோதும் பாஸ் சண்டைக்கு முன்பு அவன் நீளமாக வசனம் பேசுவான்; தோற்றால் மீண்டும் தொடங்கும் இடமான செக்பாயிண்டையோ அந்த வசனத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை தோற்ற பிறகும் அதே மிரட்டலை முழுதாகக் கேட்க வேண்டியிருந்ததால், சண்டையின் நுணுக்கத்துக்கு முன் எனக்கு அவனுடைய வசனம்தான் மனப்பாடமானது.

இதில் ஆறுதலளித்தது 2018இன் 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்'. ஆய்வகத்தில் வரும் மின்சுற்றுப் புதிர்களை வேண்டாமென்றால் தாண்டிச் செல்ல அமைப்புகளிலேயே வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் புதிர்கள் பிடித்தே இருந்தன, அதனால் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் கட்டடங்களுக்கிடையே வலை வீசிப் பறந்துகொண்டிருந்தவனை இறக்கிவிட்டு, அவனுடைய தோழி மேரி ஜேனாகப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து நடக்கச் சொல்லி, காவலாளி கண்ணில் பட்டவுடன் மீண்டும் தொடங்க வைக்கும் பகுதிகளுக்கு அந்த வசதியைக் கொடுத்திருந்தால், ஒருமுறைகூட யோசிக்காமல் பயன்படுத்தியிருப்பேன்.